வர்த்தமானியும் நமது வியாபாரமும்



சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தபோது, நமது கட்டுகஸ்தோட்டைச் சந்திக்கு அருகில் கடை வைத்திருக்கும் ஓர் இளம் வியாபாரி என்னை நிறுத்தினார். "நானா, உங்கட பத்தியில சாமான் விலை, வங்கிக் கடன், வரி எண்டு எழுதினா நாங்க விரும்பி வாசிக்கிறம். பாராளுமன்றத்தில எம்.பி.மார் ஜனாதிபதியைக் குறை சொல்றதப் பத்தி எழுதி எங்களுக்கு என்ன லாபம்? எதிர்க்கட்சிக்காரன் எதிர்க்காம வேற என்ன செய்வான்?" என்று கேட்டார்.

அவர் மீது தவறில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியில் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். அதற்காக நான் கொடுத்த விலையை இந்த வாரம் கணக்குப் பார்த்து எழுதுகிறேன். இளைய வியாபாரிகளுக்காவது அது பயன்படட்டும்.

முதலில் வந்த இனிப்பு

2019 நவம்பர் 16ஆம் திகதி நடந்த தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாகத் தெரிவானார். இரண்டு வாரம் முடியுமுன் வரிக் குறைப்பு வந்தது. டிசம்பர் 1ஆம் திகதி முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2 வீதமாக இருந்த தேச நிர்மாண வரி இல்லாமலே போனது. அதுவரை வருடத்துக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை இருந்தால் வற் வரிக்குப் பதிய வேண்டும். 2020 ஜனவரியிலிருந்து அந்த எல்லை 300 மில்லியனாக உயர்ந்தது. என்னைப் போன்ற நடுத்தர மொத்த வியாபாரிகள் ஒரே நாளில் வற் வரியிலிருந்து வெளியே வந்துவிட்டோம்.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெரிய சந்தோஷம். கடைப் பையன்களுக்கு அன்று பகல் புரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

இந்த யோசனை தேர்தல் மேடையில் பேசப்பட்டபோதே அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர எச்சரித்திருந்தார். இப்படி வரியைக் குறைத்தால் நாடு வங்குரோத்தாகும், கிரேக்கம், வெனிசுவேலா போன்ற நாடுகளின் நிலை நமக்கும் வரும் என்பது அவர் சொன்னதன் சாரம். தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனவர்களில் இதைத் தொடர்ந்து பேசியவர் பொருளாதார நிபுணரான ஹர்ஷ டி சில்வா. அரசாங்கத்தின் வருமானம் குறைகிறது, கடன் கட்டப் பணம் எங்கிருந்து வரும், பணத்தை அச்சடித்தால் விலை ஏறாதா என்று அவர் பாராளுமன்றத்திலும் வெளியிலும் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வானொலியை அடுத்த அலைவரிசைக்குத் திருப்பிவிட்டேன். தோற்றவர்களின் பேச்சு என்று நினைத்தேன்.

இதில் நாம் கவனிக்காத விடயம் ஒன்று இருந்தது. நமது அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரைப்படி பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கு உரியது. ஆனால் அந்த வரி மாற்றங்களில் பலவற்றுக்கான திருத்தச் சட்டங்கள் 2021 மே மாதத்தில்தான் நிறைவேறின. அதாவது, நடைமுறை முதலில் வந்தது. சட்டம் சுமார் ஒன்றரை வருடம் கழித்து வந்தது. இடையில் 2020 மார்ச் 2ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதிய பாராளுமன்றம் ஓகஸ்ட் 20ஆம் திகதிதான் கூடியது. கேள்வி கேட்க வேண்டிய சபை ஐந்து மாதத்துக்கு மேலாக இல்லை.

இரண்டு கையெழுத்துக் காசோலை

இதை நமது பாஷையில் சொல்கிறேன். இருவர் பங்காளிகளாகச் சேர்ந்து கடை நடத்தினால் வங்கிக் கணக்கில் இருவருடைய கையெழுத்தும் வேண்டும் என்று எழுதி வைப்போம். ஒருவர் கள்வர் என்பதற்காக அப்படிச் செய்வதில்லை. நல்ல மனிதரும் அவசரப்படுவார், தவறாகக் கணக்குப் போடுவார் என்பதற்காகத்தான். நாட்டின் கணக்கில் ஒரு கையெழுத்து ஜனாதிபதியுடையது. மற்றது பாராளுமன்றத்துடையது. "அந்தக் கொப்பியைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்கும் பங்காளிதான் எதிர்க்கட்சி உறுப்பினர்.

2015இல் வந்த 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்திருந்தது. 2020 ஒக்டோபர் 22ஆம் திகதி 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக 65 வாக்குகள். அரசியலமைப்புப் பேரவையின் இடத்தில், ஜனாதிபதியைக் கட்டுப்படுத்த முடியாத பாராளுமன்றப் பேரவை வந்தது. தேர்தல் நடந்து இரண்டரை வருடத்தில் பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்குக் கிடைத்தது. வியாபாரிகளுக்கு நேரடியாகச் சம்பந்தமான தேசிய கொள்முதல் ஆணைக்குழுவும் இல்லாமல் போனது. அரசாங்கத்துக்குச் சாமான் வழங்க டெண்டர் போடும் நமது சகோதரர்களுக்கு அதன் கருத்து விளங்கும்.

அந்த 156 பேரில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து போன எட்டுப் பேர் இருந்தார்கள். அந்த எட்டுப் பேரில் பெரும்பான்மையினர் நமது சமூகத்தின் வாக்குகளால் தெரிவானவர்கள். நமது கண்டி மாவட்டத்திலிருந்து தெரிவான ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். அவருடைய கட்சி உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். அந்த நேரத்தில் நமது வீடுகளில் என்ன நிலைமை என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. 2020 ஏப்ரலில் வெளியான ஒரு வர்த்தமானியால் கொவிட் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. 2021 பெப்ரவரி இறுதியில் இன்னொரு வர்த்தமானி வரும்வரை அது நிற்கவில்லை. ஒரு பக்கக் கடதாசியில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதை நாட்டில் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அப்படியிருந்தும் அந்தக் கடதாசியை இன்னும் பலமாக்க நமது கைகளே உயர்ந்தன.

பசளைக் கடை

எனது கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பசளைக் கடை இருந்தது. 2021 மே 6ஆம் திகதி வெளியான விசேட வர்த்தமானி மூலம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. மக்களின் ஆரோக்கியம் ஒரு காரணம் என்றார்கள்; டொலரை மிச்சப்படுத்துவதும் இன்னொரு காரணம் என்று பேசப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர்களும் விவசாய நிபுணர்களும் சேதனப் பசளை கூடாது என்று சொல்லவில்லை. ஓர் இரவில் மாற முடியாது, பல வருடங்களில் படிப்படியாக மாற வேண்டும், இல்லாவிட்டால் விளைச்சல் விழும் என்றே சொன்னார்கள்.

பசளைக் கடைக்காரர் அன்று என்னிடம் வந்து, "நானா, இனி நான் ஈ ஓட்டத்தான் வேணும்" என்றார். பாதிப்பு அவரோடு நிற்கவில்லை. மாத்தளைப் பக்கத்து விவசாயிகள் போகத்துக்குப் போகம் எங்களிடம் கடனுக்குச் சாமான் எடுப்பார்கள். அறுவடை முடிந்து கொண்டுவந்து கொடுப்பார்கள். 2022 ஆரம்பத்தில் பெரும்போகம் பிழைத்தபோது எனது கடன் கொப்பியில் இருந்த பெயர்கள் அப்படியே நின்றுவிட்டன. மனிதர்கள் நல்லவர்கள், கையில் காசில்லை. தேயிலைக்கும் அதே கதிதான். 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு இறங்கியது.

2021 நவம்பர் 24ஆம் திகதி தடை நீக்கப்பட்டது. ஆறு மாதமும் சில நாட்களும்தான். ஒரு கடதாசியில் வந்தது, இன்னொரு கடதாசியில் போனது. மே மாதத்திலேயே பாராளுமன்றத்தில் விவாதித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுச் செய்திருந்தால் இந்த நட்டத்தில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

சீனி மூட்டையும் அவசரகாலச் சட்டமும்

இனி எனது சொந்தக் கடைக்கு வருகிறேன். 2021 ஓகஸ்ட் 30ஆம் திகதி ஜனாதிபதி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். அரிசி, சீனி போன்ற அத்தியாவசிய உணவுகளைப் பதுக்குகிறார்கள், அவற்றை நியாய விலைக்கு மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது காரணம். இராணுவ மேஜர் ஜெனரல் ஒருவர் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமாக நியமிக்கப்பட்டார். களஞ்சியங்கள் சோதனையிடப்படும் காட்சிகள் தொலைக்காட்சியில் வந்தன.

இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒவ்வொரு வியாபாரியும் தெரிந்திருக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அவசரகால நிலை வந்தால் ஜனாதிபதி ஒழுங்குவிதிகள் செய்யலாம். அரசியலமைப்பைத் தவிர நாட்டின் மற்ற எந்தச் சட்டத்தையும் அந்த ஒழுங்குவிதிகள் மேவி நிற்கும். அந்தப் பிரகடனம் 14 நாட்களுக்கு மேல் நிலைக்கப் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். அதனால் செப்டெம்பர் 6ஆம் திகதி பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது.

எம்.ஏ. சுமந்திரன், எரான் விக்கிரமரத்ன போன்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அந்த நாட்களில் சொன்னதன் கருத்து இதுதான்: உணவு விநியோகத்துக்கு அவசரகாலச் சட்டம் தேவையில்லை, இருக்கின்ற சாதாரண சட்டங்களே போதும். முன்னையவர் சட்டத்தரணி, பின்னையவர் முன்னாள் வங்கி நிர்வாகி. 132 பேர் ஆதரவாகவும் 51 பேர் எதிராகவும் வாக்களித்து அவசரகால நிலை அங்கீகரிக்கப்பட்டது.

அவர்கள் சொன்னது சரிதானா? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் பதுக்கலுக்குத் தண்டனை ஏற்கனவே இருக்கிறது. தண்டப்பணம் குறைவு என்பதுதான் குறை. அதே செப்டெம்பர் மாதத்திலேயே பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைச் சாதாரண முறையில் திருத்தித் தண்டப்பணத்தை உயர்த்தியது. ஆக, சாதாரண வழி திறந்துதான் இருந்தது.

பதுக்கல் நமது மார்க்கத்தில் தடுக்கப்பட்ட காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் பதுக்கல் வேறு, கையிருப்பு வேறு. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு லொறிச் சீனி எடுத்து, அதை அக்குறணை, கலகெதரப் பக்கத்துச் சில்லறைக் கடைகளுக்கு இரண்டு வாரத்தில் பிரித்துக் கொடுப்பவனிடம் எந்த நாளும் சில மூட்டைகள் இருக்கத்தான் செய்யும். எத்தனை மூட்டை கையிருப்பு, எத்தனை மூட்டை பதுக்கல் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் பின்னேரம் அதிகாரிகள் சிலர் எனது கடைக்கும் வந்து மூட்டைகளை எண்ணினார்கள். பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒழுங்காக இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் முன்னால் நின்று என் சாமானை நானே கள்வனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை மணித்தியாலத்தை மறக்க முடியாது.

மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? புதிதாகச் சீனி எடுப்பதை நிறுத்தினேன். மூன்று வாரம் எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த இன்னும் சிலரும் அதையே செய்தார்கள். சாமான் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று வந்த சட்டம், சாமான் எடுப்பவனைப் பயப்படுத்தியது. பயந்த வியாபாரி கொள்வனவு செய்யமாட்டான் என்ற சாதாரண உண்மையை ஒழுங்குவிதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை. செப்டெம்பர் இறுதியில் அரிசிக்கான கட்டுப்பாட்டு விலையும், ஒக்டோபரில் பால்மா, கோதுமை மா, எரிவாயு, சீமெந்து ஆகியவற்றின் கட்டுப்பாட்டு விலையும் நீக்கப்பட்டன. விலைகள் ஒரே பாய்ச்சலாக ஏறின. சாமான் இல்லாததன் உண்மைக் காரணம் டொலர் இல்லாதது. அதை மூட்டை எண்ணித் தீர்க்க முடியாது.

கணக்கு வந்த நாள்

2021ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் ஹர்ஷ டி சில்வா பாராளுமன்றத்தில் ஒரு கணக்கை வைத்தார். 2022 பெப்ரவரி முதல் ஒக்டோபர் வரை 4.8 பில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடன் செலுத்த வேண்டும், கையிருப்பு அதற்குப் போதாது, நாடு முற்றாக வங்குரோத்தாகும் என்றார். கையில் மிஞ்சிய டொலரை மருந்துக்கும் உணவுக்கும் வைத்துக்கொண்டு கடனை மறுசீரமைக்கப் பேசுங்கள் என்பது அவருடைய நிலைப்பாடு.

டிசம்பர் 12ஆம் திகதி நள்ளிரவுடன் ஜனாதிபதி பாராளுமன்ற அமர்வை 2022 ஜனவரி 18 வரை ஒத்திவைத்தார். அதிகாரத்துக்கு உட்பட்ட செயல்தான். ஆனால் அப்படி ஒத்திவைத்தால் கணக்குக் கேட்கும் குழுக்களின் வேலையும் நின்றுவிடும். பாராளுமன்றம் மீண்டும் கூடிய அதே ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடன் செலுத்தப்பட்டது. துறைமுகத்தில் நமது பருப்பும் சீனியும் இருந்த கொள்கலன்கள் டொலர் இல்லாமல் காத்துக் கிடந்தன.

மிகுதி எல்லோருக்கும் தெரியும். 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு 2022 மார்ச்சில் 2 பில்லியனுக்கும் கீழே போனது. சுமார் 200 ரூபாவாகப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 ரூபா வரை போனது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஜூலை மாதம் ஜனாதிபதி நாட்டை விட்டுச் சென்று பதவி விலகினார். செப்டெம்பரில் பணவீக்கம் கொழும்புச் சுட்டெண்படி 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 94.9 வீதம். 2019இல் எனக்கு இனித்த வற் வரி 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 வீதம் என்று ஏறியது. வரிக் குறைப்பில் எனக்கு மிஞ்சியதையும், விலை ஏற்றத்திலும் வராக் கடனிலும் போனதையும் ஒருநாள் இரவு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மிஞ்சியதைப் போல் பல மடங்கு போயிருந்தது.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. முன்னாள் ஜனாதிபதியும் வேறு சில அமைச்சர்களும் அதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையால் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறி, அடிப்படை உரிமையையும் மீறியுள்ளார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. வரிக் குறைப்பு, சர்வதேச நாணய நிதியத்திடம் காலம் தாழ்த்திப் போனது, டொலரின் பெறுமதியைப் பிடித்து வைத்தது, அந்த 500 மில்லியன் டொலரைச் செலுத்தியது ஆகியவை அந்த வழக்கில் ஆராயப்பட்டன. எதிர்க்கட்சி வரிசையிலிருந்து கேட்கப்பட்டு, நாம் கேலி செய்த அதே கேள்விகள். அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் ஒருவர் இலங்கை வர்த்தகச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் சந்திர ஜயரத்ன என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். வியாபாரி அரசியல் பேசக்கூடாது என்று அவர் நினைக்கவில்லை.

எதை நம்புவது?

இதனால் எதிர்க்கட்சியில் இருப்பவர் சொல்வதெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2015 முதல் 2019 வரை ஆட்சியில் இருந்தவர்களின் காலத்தில்தான் மத்திய வங்கிப் பிணைமுறி ஊழல் நடந்தது. வாய்ச் சண்டைக்காகவே எழுந்து நிற்பவர்களும் சபையில் உண்டு. நான் இப்போது மூன்று கேள்விகளை வைத்து உரைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று, பேசுபவர் கணக்குக் காட்டுகிறாரா, அல்லது ஏசுகிறாரா? இரண்டு, இதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று சொல்கிறாரா? மூன்று, வாக்குக் கிடைக்காத கசப்பான விடயத்தையும் சொல்கிறாரா? வரியைக் குறைக்காதே, நாணய நிதியத்திடம் போ என்று சொல்லி எந்த அரசியல்வாதிக்கும் வாக்குக் கூடாது. அதைச் சொன்னவரை நாம் அன்றே கொஞ்சம் நின்று கேட்டிருக்க வேண்டும்.

2022 ஒக்டோபரில் 21ஆவது திருத்தம் வந்து அரசியலமைப்புப் பேரவையும் கொள்முதல் ஆணைக்குழுவும் திரும்ப வந்தன. 20ஆவது திருத்தத்தை எதிர்த்து வாக்களித்த அநுர குமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். அதே வருடம் நவம்பர் தேர்தலில் அவருடைய அணி 225 ஆசனங்களில் 159 ஆசனங்களை வென்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நமது மாவட்டத்தையும் உலுக்கியபோது அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மண்சரிவில் மக்கள் புதைந்த நேரத்தில் அது தேவையில்லை என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. தேவையான அதிகாரமும் உண்டு. ஆனால் எவ்வளவு காலத்துக்கு, எந்த வேலைக்கு, முடிந்ததும் கணக்கு எங்கே என்று கேட்க ஒருவர் இருக்க வேண்டும். ஆட்சியில் இருப்பவர் நமக்குப் பிடித்தவராக இருந்தாலும், பெரும்பான்மை எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் கேள்வி அவசியமாகிறது.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. நமது தொழிலைத் தொடும் வர்த்தமானி வந்தால் தேநீர்க் கடைப் பேச்சை நம்பாமல் எடுத்து வாசிக்க வேண்டும், தமிழிலும் வெளியாகிறது. வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் அதை எடுத்துப் பேச வேண்டும். பாதிப்பு இருந்தால் நமது மாவட்ட உறுப்பினர்களுக்கு, ஆளும் கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல், கணக்கோடு எழுத வேண்டும். வாக்குக் கேட்டு வரும்போது, "சபையில் எந்தப் பக்கம் கை உயர்த்தினீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

அந்த இளம் வியாபாரிக்கு நான் பள்ளிவாசல் வாசலில் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, கடைக்குக் கணக்குப்பிள்ளை வைக்கிறது லாபம் தேடித் தர இல்ல. நட்டம் வந்தா நேரத்தோட சொல்லத்தான். சொல்றவன்ட வாயைப் பாத்து முகம் சுளிச்சா, பிறகு கொப்பியைப் பாத்து அழ வேண்டி வரும்." அவர் சிரித்தார். பின்பு, "அப்ப அந்தப் பத்தியையும் எழுதுங்க நானா" என்றார். எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ், காசோலை திரும்பி வந்தால் சட்டப்படி என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.